இரண்டாவது அங்கி

ஆளிச் செடியின் தண்டைக் குட்டையில் ஊறப்போட்டு, உலர்த்தி, அடித்து, ஆணிச் சீப்பில் இழுத்துச் சீவினால் நீளமான மெல்லிய நார் கையோடு வரும். குட்டையான முரட்டு நார் சீப்பின் பற்களிலேயே சிக்கி நிற்கும். நல்ல நார் துணியாகி ஊரைவிட்டுப் போய்விடும். சிக்கு நாரைத்தான் நாங்கள் நூற்று, நெய்து, உடுத்துவோம். அந்தத் துணிக்கு ஹார்டன் என்று பெயர். இப்போது பக்கத்துப் பட்டணமான ஃபார்ஃபரின் வியாபாரிகள் அதையே கொஞ்சம் இறுக்கி நெய்யச் சொல்லி, ஏதோ ஒரு ஜெர்மன் ஊரின் பெயரை வைத்துக் கப்பலேற்றுகிறார்கள். ஹார்டன் என்று நான் சொன்னால் சின்னவர்கள் சிரிக்கிறார்கள். புதிதாகப் போட்டால் கழுத்தும் அக்குளும் சிவந்து தடித்துவிடும். ஒரு குளிர்காலம் முழுக்கத் துவைத்த பிறகுதான் மனுஷத் தோலுக்கு இணங்கும்.

எங்கள் கோவிலில் ஒரு ஹார்டன் அங்கி இருந்தது. கல்யாணமாகாமல் பிள்ளை உண்டானவர்களும், ஓய்வுநாளில் குடித்துவிட்டுச் சண்டை போட்டவர்களும் அதைப் போட்டுக்கொண்டு, பிரசங்க மேடைக்கு எதிரே உயரமான முக்காலியின் மேல் வெறுங்காலோடு நிற்க வேண்டும். என் புருஷன் சாண்டர்ஸ் அங்கே கோயில்பிள்ளை. மணியடிப்பதும், குழி வெட்டுவதும், சபையில் குற்றம் விசாரிக்கும் மூப்பர்கள் கூப்பிட்டனுப்பியவர்களை அழைத்து வருவதும், அங்கியை மாட்டிவிடுவதும் அவர் வேலை. அதைத் துவைப்பது என் வேலை. ஊரில் பிரசவம் பார்ப்பவளும் நான்தான். அதனால் எப்பி மில்னுக்கு நடந்ததெல்லாம் என் கண்ணெதிரே நடந்தது.

எப்பி தன் அக்கா கிரிசல் வீட்டில் இருந்தாள். அம்மா அப்பா இல்லை. கிரிசலின் புருஷன் ஆர்ச்சி லோசன் குத்தகைக்கு நிலம் வைத்திருந்தவன். தெருவில் போனால் ஆட்கள் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லும்படியான ஆள். நாலாவது பிள்ளை பெற்ற குளிர்காலத்தில் கிரிசல் காய்ச்சலில் விழுந்து, வசந்தம் வரை எழுந்திருக்கவில்லை. மாடு கறப்பது, ஓட்ஸ் கஞ்சி கிண்டுவது, பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது எல்லாம் எப்பிதான். வேலை முடிந்த பிறகு அடுப்பு வெளிச்சத்தில் சிக்கு நாரை நூற்று, வாரத்துக்கு ஒருமுறை நெசவாளி நினியன் கேர்டிடம் கொண்டுபோய்க் கொடுப்பாள்.

வசந்தத்தில் கிரிசல் எழுந்து நடமாட ஆரம்பித்தபோது எப்பியின் வயிறு தெரிய ஆரம்பித்தது.

மூப்பர்கள் கூப்பிட்டனுப்பினார்கள். சாண்டர்ஸ் அவளை அழைத்துப் போய்விட்டு வந்து, பூட்ஸைக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

“ஆள் யாருன்னு போதகர் கேட்டார். அவ தரையப் பாத்துக்கிட்டு நின்னா. மூப்பருங்க மாத்தி மாத்திக் கேட்டாங்க. அப்பவும் தரைதான். எனக்கே அந்தத் தரையில என்ன இருக்குன்னு பாக்கணும்போல ஆயிடுச்சு” என்றார்.

மறுபடி கூப்பிட்டார்கள். மறுபடியும் அதேதான். கடைசியில் எனக்கு ஓர் உத்தரவு வந்தது. பிரசவ வலியில் இருக்கும்போது பேரைக் கேட்க வேண்டும். சொல்லும்வரை அவளைத் தொடக்கூடாது.

அறுவடைக்கு முந்தைய வாரம் ஒரு காலையில் கிரிசலின் மூத்த பிள்ளை ஓடிவந்து என்னைக் கூப்பிட்டது. நான் போனபோது எப்பி கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு முழங்காலிட்டிருந்தாள். கிரிசல் அடுப்பருகே நின்றாள்.

“எப்பி, மூப்பருங்க சொல்லி அனுப்பியிருக்காங்க. நீ பேரைச் சொல்ற வரைக்கும் உன்னை நான் தொடக்கூடாதாம்” என்றேன்.

“அப்பத் தொடாதீங்கக்கா” என்றாள் அவள்.

கிரிசல் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீருக்கு என்று வெளியே போனாள். வாளி ஏற்கெனவே நிறைந்திருந்தது. வழியெல்லாம் சிந்திக்கொண்டு போனாள்.

நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டேன். “கேக்கச் சொன்னாங்க, கேட்டாச்சு. இப்ப என் தோளைப் பிடிச்சுக்க” என்றேன்.

பெண் குழந்தை பிறந்தது. சின்னது, ஆனால் கத்தியது. பேரைச் சொல்லவில்லை என்று மூப்பர்களிடம் உண்மையைத்தான் சொன்னேன். மற்றதை அவர்களும் கேட்கவில்லை.

குழந்தை பிறந்த பிறகு ஆர்ச்சி அவளை வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. பாவம் செய்தவளை வைத்திருந்தால் பிள்ளைகளுக்குக் கெட்ட பேர் என்றான். எங்கள் வீட்டுப் பின்னறையில் வைக்கோலைப் பரப்பி அவளைப் படுக்க வைத்தோம். உடம்பு தேறியதும் ஞாயிறுதோறும் அங்கியைப் போட்டு முக்காலியில் நிற்க ஆரம்பித்தாள். பேரைச் சொல்கிறவரை நிற்க வேண்டும் என்பது தீர்ப்பு. பால் கட்டி மார்பு வலிக்க, அந்த முரட்டுத் துணி அதன் மேல் உராய நிற்பாள். திரும்பி வந்ததும் நான் வெண்ணெய் தடவுவேன்.

குளிர் ஆரம்பித்ததும் குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டியது. மூச்சு இழுக்கும்போது உள்ளே சின்ன விசில் கேட்டது. எப்பிக்கு அப்போதுதான் முதல்முறையாகப் பயம் வந்தது. ஞானஸ்நானம் இல்லாமல் போகிற குழந்தையை எங்கள் ஊரில் கோவிலின் வடக்குப் பக்கத்தில், மணியடிக்காமல் புதைப்பார்கள். அந்தப் பக்கம் வெயிலே விழாது. இது வேதத்தில் இல்லை என்று போதகர் ஸ்ட்ராகன் சொல்லிக்கொண்டேதான் இருந்தார். ஆனாலும் சாண்டர்ஸ் அங்கேதான் வெட்டுவார். பெற்றவர்களும் அங்கேதான் அழுவார்கள்.

நானும் எப்பியும் போதகர் வீட்டுக்குப் போனோம். அவர் கெட்ட மனுஷர் இல்லை. சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனுஷர்.

“தகப்பன் கையில குழந்தையைத் தரணும், அவன் வாக்குக் கொடுக்கணும். அவன் இல்லன்னா, குடும்பத்துல யோக்கியமான ஒரு ஆம்பளை. உன் அக்கா வீட்டுக்காரர் இருக்காரே? ஆர்ச்சியை வந்து வாங்கிக்கச் சொல்லு. நான் உடனே செய்யறேன்” என்றார்.

எப்பி போக மாட்டேன் என்றாள். நான் போனேன். ஆர்ச்சி கொட்டகையில் வைக்கோல் தள்ளிக்கொண்டிருந்தான். நான் சொன்னதைக் கேட்டதும் கவைக்கோலைக் கீழே வைத்துவிட்டான்.

“எவனோட புள்ளைக்கோ நான் ஏன் தேவன் முன்னாடி நிக்கணும்?” என்றான். அவன் முகம் வெளுத்திருந்தது. கோபம் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு எப்பி மறுபடி முக்காலியில் ஏறினாள். குழந்தை முன் பெஞ்சில் என் மடியில் இருந்தது. பிரசங்கம் முடிந்து போதகர் வழக்கம்போல அவள் பக்கம் திரும்பினார். “எப்பி மில்ன், இன்னிக்காவது சொல்றியா?”

அப்போது பின்னால் பெஞ்சு கிறீச்சிட்டது. நினியன் எழுந்துகொண்டிருந்தார்.

நினியனுக்கு ஐம்பது வயதிருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இடுப்பு எலும்பு சின்ன வயதிலேயே பிசகியதால் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பார். முன்கோபி. வாய்த்துடுக்கு அதிகம். எங்கள் போதகரின் பிரசங்கமும் ஹார்டனும் ஒன்று, நீளம் அதிகம், உடம்பெல்லாம் அரிக்கும் என்று சந்தையில் சொல்லி, அதற்காகவே ஒருமுறை மூப்பர்களிடம் திட்டு வாங்கியவர். கதவோரம் உட்கார்ந்து, கடைசிச் சங்கீதம் முடியுமுன் நழுவிவிடுகிறவர்.

“உக்காருங்க நினியன்” என்றார் போதகர்.

“உக்காரத்தான ஐயா இத்தனை வருஷமா வர்றேன். இன்னிக்கு ஒரு நாள் எழுந்துக்கறேன்.” சாய்ந்து சாய்ந்து நடுவழியில் நடந்து வந்து முக்காலிக்குப் பக்கத்தில் நின்றார். “நீங்க தேடுற ஆளு நான்தான். நூல் குடுக்க வருவா. எழுதிக்கோங்க.”

கோவில் முழுக்க ஒரு சலசலப்பு. “இடுப்பு சரியில்லன்னுல்ல சொல்லிக்கிட்டிருந்தான்” என்று கொல்லன் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. பின்வரிசையில் சிரித்தார்கள்.

போதகர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். “எப்பி, நீ தேவனுடைய வீட்டுல நிக்கறே. இவர் சொல்றது உண்மையா?”

எப்பி நினியனைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த திகைப்பு எனக்குத் தெரிந்தது. பிறகு என் மடியைப் பார்த்தாள். அந்த அமைதியில் குழந்தையின் மூச்சு விசில் தெளிவாகக் கேட்டது.

“உண்மை” என்றாள்.

மறுநாள் காலையே போதகர் வீட்டில் ஞானஸ்நானம். நினியன் சவரம் செய்துகொண்டு வந்திருந்தார். குழந்தையைத் துணிச் சுருளைத் தூக்குவதுபோல இரண்டு முழங்கையிலும் ஏந்திக்கொண்டார். வாக்குகளுக்கெல்லாம் ஒழுங்காகத் தலையாட்டினார்.

“குழந்தை பேரு?” என்றார் போதகர். பேரைச் சொல்ல வேண்டியது தகப்பன்.

நினியன் எப்பி பக்கம் குனிந்து, “உங்கம்மா பேரு என்ன?” என்று கேட்டார்.

“எல்ஸ்பெத்.”

“எல்ஸ்பெத்” என்று போதகரிடம் சொன்னார்.

போதகர் அவரை வெகுநேரம் பார்த்தார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். பிறகு கையைத் தண்ணீரில் நனைத்தார்.

குற்றவாளிகள் இப்போது இரண்டு பேர். கோவிலில் அங்கி ஒன்றுதான். மூன்று ஞாயிறு இருவரும் சேர்ந்து நிற்க வேண்டும் என்று தீர்ப்பானதால், இன்னோர் அங்கி வேண்டும் என்று மூப்பர்கள் முடிவு செய்தார்கள். ஊரில் ஹார்டன் நெய்கிறவர் நினியன் மட்டும்தான். சாண்டர்ஸ்தான் போய்ச் சொன்னார்.

“நல்லா இருக்குப்பா. அடி வாங்கறவனே சாட்டையும் பின்னித் தரணுமா?” என்றாராம் நினியன். ஆனால் அன்றைக்கே தறியில் பாவு ஏற்றிவிட்டார். குறுக்கே ஓடும் ஊடை நூல் முழுக்க எப்பி நூற்றது.

தைப்பதற்கு அளவெடுக்க நான் போனேன். தோளிலிருந்து நூலைப் பிடித்து அளந்துகொண்டே, “ஏன் நினியன் இப்படிப் பண்ணீங்க?” என்று கேட்டேன்.

“எனக்கும் புள்ளை வேணாமா?” என்றார்.

“விளையாடாதீங்க.”

“அந்தப் பொண்ணு வந்தா நூலை வெச்சுட்டு அஞ்சு நிமிஷம் உக்காந்து பேசிட்டுப் போவா. மத்தவங்க வாசல்லயே குடுத்துட்டுப் போயிடுவாங்க.” கையை அகல விரித்து நின்றார். “எனக்கு ஒரு தங்கச்சி பொறந்தா. பேர் வெக்கறதுக்குள்ள போயிட்டா. வடக்குப் பக்கம்தான். எங்கம்மா அவளைக் கூப்பிட்டு அழணும்னு பாப்பா, எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியாது. போதும், அளந்தது போதும், கை வலிக்குது.”

முதல் ஞாயிறு இருவரும் நின்றார்கள். துவைக்காத புதுத் துணியை நினியன் எடுத்துக்கொண்டு, பழையதை எப்பிக்கு விட்டுவிட்டார். பையன்கள் வாசலில் நின்று மாப்பிள்ளை, பெண் என்று கத்தினார்கள். முன் பெஞ்சில் இருந்ததால் அவர் உதட்டை அசைக்காமல் அவளிடம் பேசியது எனக்குக் கேட்டது.

“அரிச்சாச் சொறிஞ்சுக்க. நெய்தவனே சொல்றேன், கூச்சப்படாதே.” கொஞ்ச நேரம் கழித்து, “வலது காலை ஊனாதே. அந்தப் பக்கம் பலகை ஆடுது.”

எப்பியின் உதடு அசைந்தது. அந்த வருஷத்தில் அவள் சிரிப்புக்கு அவ்வளவு கிட்டே வந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

இரண்டாவது ஞாயிறு முடிந்து, பனி விழுந்த வாரத்தில் எல்ஸ்பெத் போய்விட்டாள். எப்பி அவளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். விசில் நின்றது. சளி இறங்கிவிட்டது என்று சொல்லி என்னைப் பார்த்துத் திரும்பினாள். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

சாண்டர்ஸ் தெற்குச் சுவரோரம் வெட்டினார். மண் உறைந்து கல்லாகியிருந்ததால் முதலில் நெருப்பு மூட்டித்தான் வெட்ட முடிந்தது. மணியடித்தது. பெட்டியைத் தகப்பன்தான் சுமக்க வேண்டும். நினியன் வழுக்கிவிடாமல் ஒவ்வோர் அடியாக வைத்துக் கொண்டுவந்தார். கிரிசல் வந்து தூரத்தில் நின்றாள். ஆர்ச்சி வரவில்லை.

மூன்றாவது ஞாயிறு வர வேண்டாம், மன்னித்துவிட்டோம் என்று போதகர் சொல்லியனுப்பினார். எப்பி வந்தாள். தானே அங்கியை எடுத்து மாட்டிக்கொண்டாள். நினியனும் தன்னுடையதை மாட்டிக்கொண்டு பக்கத்தில் ஏறி நின்றார்.

குளிர் குறைந்ததும் நினியன் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் தொப்பியைச் சுருட்டிக்கொண்டு அடுப்பருகே உட்கார்ந்தார். நான் எழுந்து போகப் பார்த்தேன். இரு என்று கைகாட்டினார்.

“ஊரெல்லாம் நம்மைக் கட்டிக்கச் சொல்லுது எப்பி. எனக்கு வயசாயிடுச்சு, நடையும் சரியில்ல, கோபம் வேற வரும். ஆனா கூரை ஒழுகாது. சொன்ன பொய்யை உண்மையாக்கிடலாமான்னு கேக்க வந்தேன்.”

எப்பி ராட்டையை நிறுத்தினாள். “நீங்களா வந்து பொய் சொன்னீங்க. தேவனோட வீடுன்னு சொல்லிக் கேட்டப்பறமும் நான் பொய் சொன்னேன். அதான் அவ போயிட்டா.”

“சளியில போயிட்டா.”

“பகல்ல எனக்கும் அப்படித்தான் தோணுது. உங்களை வேணாம்னு சொல்லல. இந்த ஊர்ல இருந்தா ஒரு மூஞ்சியைத் தினம் பாக்கணும். அது என்னால முடியாது.”

யாருடைய முகம் என்று நினியன் கேட்கவில்லை. தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். மே மாதம் வேலைக்காரர்கள் வீடு மாறுகிற நாளில், எப்பி துறைமுக ஊரான மான்ட்ரோஸில் கயிறு திரிக்கிறவர் ஒருவரின் வீட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

அடுத்த வருஷம் கிரிசலுக்கு ஐந்தாவது பிரசவம். கடினமான பிரசவம். பிழைப்பாளா என்று எனக்கே சந்தேகம் வந்த நேரத்தில் அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“என்கிட்ட யாரும் பேர் கேக்க மாட்டாங்க, இல்ல? நானே சொல்றேன். எப்பி புள்ளையும் இவரோடதுதான்.”

“பேசாதே கிரிசல். தம் பிடி.”

“நான் காய்ச்சல்ல படுத்திருந்தேன். நடுவுல ஒரு பலகைதான் தடுப்பு. அவ கத்தியிருந்தா எனக்குக் கேட்டிருக்கும். நான் எழுந்து வந்து பாத்துடுவேன்னு பயந்து கத்தாம இருந்திருக்கா. வயிறு தெரிஞ்சப்பறம்தான் சொன்னா. நான் என்ன பண்ணேன் தெரியுமா? அவ கால்ல விழுந்தேன். மச்சினியைத் தொட்டா ரெண்டு பேரையும் தூக்குல போடற சட்டம். நாலு புள்ளைங்களை வெச்சுக்கிட்டு நான் எங்க போவேன்னு அழுதேன். சரிக்கா, சொல்ல மாட்டேன்னு சொன்னா. அவ்ளோதான். ஒரு வார்த்தை என்னைத் திட்டல.”

கிரிசல் பிழைத்துக்கொண்டாள். அதைப் பற்றி அப்புறம் நாங்கள் பேசியதில்லை. யாரிடம் சொன்னாலும் எப்பியின் கழுத்துக்கும் கயிறு வரும் என்பதால் நானும் வாயைத் திறக்கவில்லை. சாண்டர்ஸிடம்கூட.

சில வருஷம் கழித்து ஆர்ச்சியை மூப்பராக்கினார்கள். யோக்கியமான குடும்பஸ்தன், ஏழைகளுக்கு மாவு கொடுக்கிறவன். அந்தக் கோடையில், சபையார் நீள மேஜையில் உட்கார்ந்து அப்பம் வாங்குகிற திருவிருந்தில் அப்பத் தட்டை எடுத்துக்கொண்டு மேஜையோரம் வந்தவன் அவன்தான். நினியன் கையை நீட்டினார். நீட்டிய கையைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டார். ஆர்ச்சி தட்டோடு நின்றான். நினியன் எழுந்து, எல்லாருடைய முழங்காலையும் இடித்துக்கொண்டு வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெற்குச் சுவரோரம் புல்லில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

எப்போது அவருக்குத் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை ஆர்ச்சி குழந்தையைக் கையில் வாங்க மறுத்தபோதே.

திருவிருந்தை விட்டு எழுந்து போனதற்கு விளக்கம் கேட்டு மூப்பர்கள் ஆளனுப்பினார்கள். சாண்டர்ஸ் போனபோது நினியன் தறியை நிறுத்தவில்லை.

“என்னன்னு சொல்லட்டும்?”

“என் மகளைப் பாக்கப் போனேன்னு சொல்லு.”

சாண்டர்ஸ் அப்படியே போய் மூப்பர்களிடம் சொன்னார். ஆர்ச்சி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். போதகர் மட்டும், “சரி, அடுத்த விஷயம்” என்றாராம்.

அதற்குப் பிறகு நினியன் அதிக நாள் இருக்கவில்லை. ஓர் இலையுதிர் காலத்தில் தறிக்கு முன்னாலேயே சாய்ந்துவிட்டார். வண்டிக்காரரிடம் மான்ட்ரோஸுக்குச் சொல்லியனுப்பினேன். எப்பி வந்து சேர்வதற்குள் மண்ணைப் போட்டு மூடியாகிவிட்டது. குழந்தைக்குப் பக்கத்திலேயே, தகப்பனின் இடத்தில்.

எப்பி மெலிந்திருந்தாள். முன்பல் ஒன்று போயிருந்தது. மழை தூறிக்கொண்டிருக்க, மேலே ஒன்றும் போர்த்தாமல் அந்த இரண்டு மேட்டுக்கும் நடுவில் நின்றாள். அழவில்லை. புது மண்ணில் கிடந்த கற்களைப் பொறுக்கிச் சுவரோரம் போட்டாள்.

கிரிசல் வந்தாள். யார் சொன்னார்கள் என்று தெரியாது. அக்காவும் தங்கையும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கிரிசல் தன் கம்பளிப் போர்வையைக் கழற்றி எப்பியின் தோளில் போட்டாள். எப்பி தடுக்கவில்லை. போர்வையோடு போய் வண்டியில் ஏறினாள்.

மறுவாரம் வண்டிக்காரர் அதை மடித்து எடுத்துவந்து என்னிடம் கொடுத்தார். ஊர் எல்லைப் பாலம் தாண்டியதும் கழற்றிவிட்டாளாம். நான் கிரிசலிடம் கொண்டுபோனேன். அவள் முட்டைக்கோசு நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஏதாவது சொன்னாளாமா?” என்றாள்.

“இல்ல.”

கிரிசல் கையைத் துடைத்துக்கொண்டு போர்வையை வாங்கினாள். ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு, அடுப்புக்குப் பக்கத்திலிருந்த நாற்காலியில் விரித்துப் போட்டாள்.